தன் பெயரைச் சொன்னால் தோற்றுப்போகும் பையன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் ஆறு வருடமாக இருக்கிறோம். என் மகன் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் ஜப்பான் மொழி.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவன் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். வகுப்பில் ஷிரிதொரி விளையாடியிருக்கிறார்கள். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட். கடைசிச் சுற்றில் பெயர்களை வைத்து விளையாடலாம் என்று யாரோ சொல்ல, இவன் ஆசையாகத் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அது அவன் தாத்தாவின் பெயர், 'ன்'னில் முடிவது. "அப்பா, என் பேரைச் சொன்னா நான் தோத்துடுவேன்" என்றான். அந்த எழுத்தில் ஏன் ஒரு சொல்கூடத் தொடங்குவதில்லை என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கும் சில சந்தேகங்கள் உண்டு. தினமும் டோசாய் ரயிலில் போகிறேன். நாட்டின் பெயர் நிஹொன். ஆனால் நிஹொம்பாஷி ஸ்டேஷன் பலகையில் ஆங்கிலத்தில் 'எம்' போட்டிருக்கிறார்கள். பள்ளியில் முதலில் கற்கும் ஹிரகானா எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்கிறான் மகன். நமக்கு ங், ஞ், ண், ந், ம், ன் என்று ஆறு இருக்க, இவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறார்களே, இது எழுத்துப் பஞ்சம் இல்லையா? அப்புறம், ஜப்பான் மொழியே தமிழிலிருந்து வந்தது என்று ஒரு பேராசிரியர் எழுதியதாகப் படித்தேன். 'அ'வில் தொடங்கி 'ன்'னில் முடியும் அவர்களுடைய எழுத்து வரிசையைப் பார்த்தால் அது உண்மைதானோ என்று தோன்றுகிறது.

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் தேடிப் போனால் ஜப்பானிய எழுத்தின் ஆயிரம் வருடக் கதைக்குள் போய்விடுவோம். கவாசாகியில் வேலை பார்த்த வருடங்களில் அந்த ஒற்றை எழுத்தோடு நானும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையனின் மனம் ஆற ஒன்று. வகுப்பில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பெயரோடு 'குன்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். உங்களை அலுவலகத்தில் 'ஸன்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு 'ச்சன்'. 'ஸமா' என்ற மரியாதைச் சொல் தேய்ந்துதான் 'ஸன்' ஆனது. அது மழலையில் 'ச்சன்' ஆனது. ஆக, கூப்பிடும்போது வகுப்பில் எல்லார் பெயரும் அந்த எழுத்தில்தான் முடிகிறது. கென், ஜுன், ரென் என்று பெயரே அதில் முடியும் ஜப்பானியப் பையன்களும் ஏராளம். நாட்டின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நிஹொன் என்றாலும் நிப்பொன் என்றாலும் கடைசியில் நிற்பது அதுதான். தன் பெயரைச் சொல்லி அவுட் ஆனவன் உங்கள் மகன் மட்டும் இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டு ஜப்பான் மொழியில் அசை என்றால் உயிரில்தான் முடியும். க, கி, கு, நொ, மி, மு என்றுதான் சொற்கள் போகும். உயிர் சேராத மெய் என்று ஒன்று சொல்லில் எங்கும் நிற்காது. 'ன்' பிறகுதான் வந்தது, அதுவும் இரண்டு வழியாக.

ஒரு வழி சீனச் சொற்கள். மூன்று என்பதற்கான சீனச் சொல் மகரமெய்யில் முடிந்தது, மலை என்பதற்கானது னகரமெய்யில். இரண்டையும் வாங்கிக்கொண்ட ஜப்பானியர் வாயில் நாளடைவில் இரண்டும் 'ஸன்' ஆயின. இன்னொரு வழி, அவர்களுடைய சொந்தச் சொற்களின் தேய்வு. 'யொமு' என்றால் படி. 'படித்து' என்பதற்குப் பழைய வடிவம் 'யொமிதெ'. வேகமாகச் சொல்லிச் சொல்லி அது 'யொந்தெ' ஆனது. இந்தத் தகரத்தை நம் 'பந்து'வில் வருவது மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும். அதே போல 'ஷினிதெ', அதாவது இறந்து, 'ஷிந்தெ' ஆனது.

இரண்டு வழியிலும் ஒன்றைக் கவனியுங்கள். சீனச் சொல்லில் அது அசையின் வால். தேய்வில், முன்னால் ஓர் அசை இருந்து, அதற்கு அடுத்த அசை உயிரை இழந்து சாய்ந்து நிற்கும்போது பிறப்பது. எப்படி வந்தாலும் ஏதோ ஒன்றுக்குப் பின்னால்தான் வந்தது. சொல்லின் முதலில் நிற்க அதற்கு வாய்ப்பே அமையவில்லை. உங்கள் மகனின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். நம் மொழியிலும் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. 'ன' வரிசையிலோ, உயிர் சேர்ந்தாலும்கூட ஒரு தமிழ்ச் சொல் தொடங்காது. அவன் தமிழ் எழுத்து படிக்கும்போது இதையும் காட்டுங்கள்.

ஒலி வந்துவிட்டது, ஆனால் அதற்கு எழுத்து உடனே வரவில்லை. இந்த எழுத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்கும் இடம் இதுதான்.

கி நோ த்ஸுராயுகி என்ற கவிஞர் தோஸா மாகாணத்தில் ஆளுநராக இருந்தார். பதவிக்காலம் முடிந்து 935-ஆம் ஆண்டு வாக்கில் கடல் வழியாகத் தலைநகர் கியோத்தோவுக்குத் திரும்பினார். 55 நாள் பயணம். அந்தப் பயணத்தை ஒரு பெண் எழுதுவது போல, ஜப்பானியரின் ஒலியெழுத்தான கானாவில், நாட்குறிப்பாக எழுதினார். அந்தக் காலத்தில் ஆண்கள் நாட்குறிப்பைச் சீன எழுத்தில்தான் எழுதுவார்கள். அவருடைய சின்னப் பெண் தோஸாவில் இறந்துபோயிருந்தாள். கூட வந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பும் சந்தோஷத்தில் இருக்க, படகில் அவளுக்கான இடம் காலியாக இருக்கிறது. ஓரிடத்தில், இறந்த குழந்தை அழகாக இருந்தாள் என்று சொல்வது உலக வழக்கம்தானே என்பது போல எழுதுகிறார். 'இறந்த குழந்தை' என்பது பேச்சில் 'ஷிஞ்ஜிகொ' என்று வரும். பழைய 'ஷினிஷி கொ'வின் தேய்வு அது. ஆனால் அவர் எழுதியிருப்பது 'ஷி, ஷி, கொ' என்று மூன்றே எழுத்து. நடுவில் இருக்க வேண்டிய 'ன்' இல்லை. எழுத அவரிடம் எழுத்து இல்லை.

அதே நாட்குறிப்பில் வானிலை என்ற சொல் வருகிறது. இன்று உங்கள் டிவியில் காலையில் சொல்வார்களே, 'தென்கி', அதேதான். அவர் அதை 'தெ, இ, கெ' என்று எழுதியிருக்கிறார். 'ன்' இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இகரத்தைப் போட்டுச் சமாளித்திருக்கிறார். ஓர் இடத்தில் காலியாக விட்டு, இன்னோர் இடத்தில் வேறொன்றை நிறுத்தி, கையில் இருந்த எழுத்துகளுக்குள் அந்த ஒலியை எப்படி அடக்குவது என்று பார்த்திருக்கிறார். அவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே 1236-இல் எடுத்த நகல் ஒன்று இருப்பதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

படிப்பவர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் ஜப்பானியப் பள்ளிகளில் பழைய இலக்கியம் நடத்தும்போது 'அநாரி' என்று எழுதியிருப்பதை 'அன்னாரி' என்று வாசிக்கச் சொல்லித்தருவார்கள். நமக்கு இது புதிது இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆனால் நம் இலக்கணத்தில் புள்ளி இருந்தது. ஏட்டில் எழுதியவர்கள் இடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். த்ஸுராயுகியிடம் விடுவதற்கும் ஒன்று இல்லை.

கானா எழுத்துகள் 47-ஐயும் ஒரு தடவைக்கு மேல் வராமல் கோத்த 'இரொஹா' என்ற பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் மிகப் பழைய பதிவு 1079-இல் எழுதிய ஒரு பௌத்த நூலில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகக் குழந்தைகள் அதைச் சொல்லித்தான் எழுத்துப் படித்தார்கள். நிலையாமையைப் பாடும் அழகான பாட்டு. அதிலும் 'ன்' கிடையாது.

இன்று உங்கள் மகன் எழுதும் ஹிரகானா 'ன்' ஒரே இழுப்பில் வரும். மேலிருந்து இடது கீழாக ஒரு சாய்கோடு, அதே கோட்டில் பாதி ஏறி ஒரு மேடு, ஒரு பள்ளம், முடிவில் மேல்நோக்கி ஒரு வால். 'இல்லை' என்ற பொருள் கொண்ட ஒரு சீன எழுத்தை வேகமாக எழுதி எழுதி வந்த உருவம் இது. அந்தச் சீன எழுத்தின் ஒலி 'மு'. அதனால் வெகுகாலம் இதே உருவத்தை 'மு' என்றும் படித்தார்கள், 'ன்' என்றும் படித்தார்கள். 1900-இல் ஜப்பான் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று வரையறுத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு ஒலிக்கும் பல உருவங்கள் புழங்கின. அந்த வரையறையில்தான் இந்த உருவம் 'ன்'னுக்கு மட்டும் என்று உறுதியானது. த்ஸுராயுகி காலியாக விட்ட இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பது சட்டமாக ஏறக்குறைய ஆயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

இனி உங்கள் நிஹொம்பாஷிக்கு வருகிறேன்.

ஜப்பானிய 'ன்'னுக்கென்று வாயில் ஒரு தனி இடம் கிடையாது. அடுத்து வரும் ஒலி எங்கே பிறக்கிறதோ அங்கே போய் நின்றுகொள்ளும். பகரம், மகரம் வந்தால் உதடு மூடி 'ம்' ஆகும். தகரம், நகரம் வந்தால் பல்லுக்குப் பின்னால். ககரம் வந்தால் நம் 'ங்'. நிஹொம்பாஷி பலகையில் ஆங்கிலத்தில் 'எம்' போட்டது காதில் விழுவதை எழுதும் ஒரு முறை. ஜப்பானியக் காதுக்கு நிஹொன்னில் இருப்பதும் நிஹொம்பாஷியில் இருப்பதும் ஒன்றேதான். உங்கள் மகன் சொன்னது சரி.

இது பஞ்சமா என்று கேட்டீர்கள். நம் ஆறையே பாருங்கள். தங்கம், பஞ்சு, நண்டு, பந்து, அம்பு, கன்று. அடுத்த எழுத்தைச் சொன்னாலே முந்தைய மெல்லினம் எது என்று தெரிந்துவிடுகிறது. இன எழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த இடங்களில் நாமும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டிருந்தால் பெரிய குழப்பம் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் நமக்கு 'மண்' வேறு, 'மன்' வேறு. 'அன்பு' வேறு, 'அம்பு' வேறு. அதனால் நமக்கு ஆறும் வேண்டும். ஜப்பானியக் காதில் அன்பும் அம்பும் ஒரே சொல்லாகத்தான் விழும். உயிர் சேர்ந்தால் அவர்களுக்கும் 'ந' வேறு, 'ம' வேறு. உயிர் போனதும் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. தேவைப்படாததற்கு எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லின் முடிவில், அடுத்து எதுவும் வராதபோது, அது என்ன ஆகும்? நாக்கு பல்லுக்கும் போகாது, மேலண்ணத்துக்கும் போகாது. தொண்டைப் பக்கம் லேசாக அடைத்து மூக்கு வழியாக வெளியே போகும். இதைப் புத்தகத்தில் படித்து வெகுநாள் குழம்பினேன். கவாசாகியில் வயதான ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கட்டணமில்லாமல் மொழி சொல்லித்தந்தார். அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு 'ஹொன்' சொல்லிப் பார் என்றார். ஹொன் என்றால் புத்தகம். மூக்கைப் பிடித்தால் சொல்லே வரவில்லை. கையை எடுத்ததும் வந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது, நாமும் பேச்சில் இதைத்தான் செய்கிறோம் என்று. "அவன் வந்தான்" என்று மேடையில் பேசுவது போல இல்லாமல் வீட்டில் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே தொடுவதே இல்லை. ஆகாரம் மூக்கில் ஒலித்து முடிந்துவிடுகிறது. அதை அப்படியே 'ஹொன்'னில் வைத்தால் முக்கால்வாசி வந்துவிடும்.

இவ்வளவு எளிதாகத் தொடங்கும் அந்த எழுத்து வேறோர் இடத்தில் தமிழ் நாக்கைத் தடுக்கிவிடும். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தை நாம் தானாக மென்மையாக்கிவிடுகிறோம். 'பக்கம்' என்பதில் இருக்கும் ககரம் 'பங்கு' என்பதில் இல்லை. பழைய ஜப்பான் மொழியும் இதைச் செய்தது. யொமிதெ யொந்தெ ஆனபோது வல்லின தகரம் மென்மையானது அப்படித்தான். ஆனால் சீனத்திலிருந்து வந்த சொற்களில் வல்லினம் வல்லினமாகவே நிற்கும். தென் கொரியாவுக்கு ஜப்பான் மொழியில் 'கங்கொகு'. நடுவில் வரும் ககரத்தைப் 'பக்கம்' என்பதில் வருவது போல வலித்துச் சொல்ல வேண்டும். 'பங்கு' போலச் சொன்னால் அது வேறு சொல், சிறைச்சாலைக்கான பழைய சொல்.

அடுத்த மாதம் வேலையாகக் கொரியா போகிறேன் என்று அந்த அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் முகம் மாறியது. எங்கே என்று மெதுவாகத் திரும்பக் கேட்டார். பிறகு என் கையை எடுத்து என் கழுத்திலேயே வைத்து, இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னார். கொரியாவைச் சரியாகச் சொல்லும்போது 'ங்' முடிந்து ககரம் வரும் அந்த நொடியில் தொண்டையின் அதிர்வு நிற்கும். சிறைச்சாலை என்றால் நிற்காது, தொடர்ந்து போகும். அதை விரலில் உணர்ந்த பிறகு நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. நீங்களும் விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கு இது தேவைப்படாது. அங்கேயே வளர்கிறவன், அவனுக்கு இரண்டு காது இருக்கிறது.

அந்த எழுத்துக்கு அவர்கள் கொடுக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மெய்யின் அளபே அரையென மொழிப' என்பது தொல்காப்பியம். நமக்கு மெய்க்கு அரை மாத்திரைதான். கட்டளைக் கலித்துறையில் அடிக்கு 16 எழுத்து, 17 எழுத்து என்று எண்ணும்போது ஒற்றெழுத்தை எண்ணாமலே விட்டுவிடுகிறோம். ஜப்பானியரோ அதற்கு ஒரு முழு மாத்திரை கொடுக்கிறார்கள். ஹைக்கூவின் 5-7-5 எண்ணிக்கையில் 'ன்' ஓர் எண். செய்தித்தாளுக்கு 'ஷிம்புன்'. நம் காதுக்கு இரண்டு அசை. அவர்களுக்கு ஷி, ன், பு, ன் என்று நான்கு. பள்ளியில் சொல்லைக் கைதட்டி எண்ணச் சொல்வார்கள், உங்கள் மகனைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு தட்டும் ஒரே அளவு இடைவெளியில் விழும். அவன் பெயரின் கடைசி எழுத்துக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு.

இந்த முழு மாத்திரையைக் கொடுக்காவிட்டால் பொருளே மாறிவிடும். நினைவைப் போற்றுவது 'கி, நெ, ன்'. புகை பிடிக்காதே என்று ஸ்டேஷனில் எழுதியிருப்பது 'கி, ன், எ, ன்'. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்கிறது நன்னூல். மெய்யும் உயிரும் பக்கத்தில் வந்தால் நம் நாக்கு சேர்த்துவிடும், அது நம் ரத்தத்தில் இருக்கிறது. இங்கே சேர்க்கக் கூடாது. 'ன்' தனியாக ஒரு மாத்திரை மூக்கில் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் 'எ'. ஆயிரம் யென் என்று சொல்ல நினைத்து ஆயிரம் வருடம் என்று சொல்லிவிடுவதும் இந்த இடத்தில்தான். முன்னது 'செ, ன், எ, ன்'. பின்னது 'செ, ன், நெ, ன்'.

ஆனால் சில பழைய சொற்களில் அந்த எழுத்து நம் புணர்ச்சி விதியைப் படித்தது போலவே நடந்துகொள்ளும். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று படித்திருப்போம். பொன் + ஆரம் = பொன்னாரம். ஜப்பானில் சக்கரவர்த்தியைத் 'தென்னோ' என்பார்கள். 'தென்' என்றால் வானம், 'ஓ' என்றால் அரசன். இரண்டும் சேர்ந்து 'தென்னோ'. அசகுசா கோயிலில் இருக்கும் 'கன்னொன்' உங்களுக்குத் தெரியும். 'கன்' + 'ஒன்' = 'கன்னொன்'. யார் அந்தக் கன்னொன்? பௌத்தர்கள் கருணையின் வடிவாக வணங்கும் அவலோகிதேஸ்வரர். அந்த அவலோகிதனிடம் கேட்டுத்தான் அகத்தியர் தமிழை உலகுக்குச் சொன்னார் என்கிறது நம் வீரசோழியம். அவர் பெயரில் இந்தப் புணர்ச்சி நடந்திருப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

உங்கள் கடைசிச் சந்தேகம். நீங்கள் படித்தது பேராசிரியர் ஒனோ ஸுஸுமு பற்றியதாக இருக்கும். 1919-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். ஜப்பான் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல பத்தாண்டுகள் உழைத்து எழுதினார். பழைய ஜப்பானிய இலக்கியத்தில் அவருக்கு இருந்த புலமை பெரியது. தமிழைத் தேடி வந்து படித்த அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆசையாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

வரிசை ஒத்துப்போவதற்குக் காரணம் வேறு. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் மந்திரங்களுக்காக சித்தம் என்ற இந்திய எழுத்தைப் படித்தார்கள். தொண்டையில் பிறக்கும் ஒலியில் தொடங்கி உதடு நோக்கி வரும் அந்த இந்திய அடுக்கை வைத்துத் தங்கள் ஒலிகளையும் அடுக்கினார்கள். ஹகர வரிசை அந்தக் காலத்தில் பகரத்தை ஒட்டிய ஒலி என்பதால்தான் மகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் எழுத்து வரிசையும் அதே இந்திய அடுக்குதான்.

முடிவைப் பாருங்கள். 'எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப' என்று தொடங்குகிறது தொல்காப்பியம். அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவது. ஏன் 'ன' கடைசியில்? பொது அடுக்கில் இடம் இல்லாத ழ, ள, ற, ன நான்கையும் நாம் வரிசையின் வாலில் வைத்திருக்கிறோம். ஜப்பானியர் செய்ததும் அதேதான். பத்து வரிசையில் இன்று மிச்சம் இருப்பவை 45 எழுத்து. அந்தக் கட்டத்துக்குள் எங்கும் பொருந்தாத 'ன்' 46-ஆவதாக வெளியே நிற்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே, அடுக்கில் இடம் இல்லாத தங்கள் ஒலியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். உறவு என்று சொல்லிக்கொள்வதைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

நாரா போனால் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில் மகனை நிறுத்திக் காட்டுங்கள். 1203-இல் உன்கேய், கைகேய் முதலிய சிற்பிகள் செய்த இரண்டு மரக் காவலர்கள், எட்டு மீட்டருக்கு மேல் உயரம். ஒருவர் வாய் திறந்திருக்கும், இன்னொருவர் வாய் மூடியிருக்கும். திறந்த வாய் 'அ' சொல்கிறது. மூடிய வாய் 'உன்' சொல்கிறது, நம் 'ஹூம்' என்ற மந்திர ஒலி. முதல் ஒலியும் கடைசி ஒலியும். சின்ன ஊர்க் கோயில் வாசலில் இருக்கும் கல் சிங்கங்களைப் பார்த்தாலும் ஒன்று வாயைத் திறந்திருக்கும், ஒன்று மூடியிருக்கும். மூடிய வாய்க்காரர் உங்கள் மகனின் கட்சி.

டிசம்பர் 22 வாக்கில், வருடத்திலேயே பகல் குறைந்த நாளில், அந்த எழுத்து இரண்டு முறை வரும் உணவுகளைச் சாப்பிட்டால் நல்லது என்று ஒரு வழக்கம் உண்டு. 'உன்' என்றால் அதிர்ஷ்டம் என்றும் ஒரு பொருள் உண்டு, 'ன்' அதை நினைவூட்டும். நன்கின் என்கிற பூசணி, நின்ஜின் என்கிற கேரட், ரென்கொன் என்கிற தாமரைக்கிழங்கு, கின்னன் என்கிற கிங்கோ மரத்துக் கொட்டை, நெல்லிக்காய் அளவு ஆரஞ்சுப் பழமான கின்கன், கடல்பாசியில் செய்யும் கன்தென், உதோன் என்ற கோதுமை நூடுல்ஸின் பழைய பெயரான உன்தொன். ஏழு. எனக்குப் பாடம் சொன்ன அம்மா அந்த நாளில் ஒரு சின்ன டப்பாவில் பூசணியைத் தோலோடு சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு வேகவைத்து எடுத்து வருவார். 'நன்கின்' என்று ஒவ்வொரு 'ன்'னுக்கும் ஒரு விரலை மடக்கிக் காட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். இந்த டிசம்பரில் நீங்களும் செய்யுங்கள். உங்கள் தெருக் காய்கறிக் கடையிலேயே எல்லாம் கிடைக்கும்.

பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படும் கதகானா எழுத்தில் எழுதும்போது கடைசி எழுத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு சின்னக் கோடு, பிறகு கீழிருந்து மேல்நோக்கி வீசும் கோடு. அதையே மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் 'ஸொ' ஆகிவிடும். பெரியவர்களே இதில் தடுமாறுகிறார்கள், உங்கள் கையெழுத்தையும் ஒருமுறை அவனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஷிரிதொரி. அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லே இல்லை என்று சொன்னது டோக்கியோ பேச்சுக்கு. தெற்கே ஒகினாவாவில், முதலில் இருந்த உயிர் தேய்ந்துபோய், சொல்லின் முதலிலேயே அது நிற்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அங்கே 'ன்மு'. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் தலைநகரத்தை ஜப்பானியர் 'ன்ஜமெனா' என்று அந்த எழுத்தை முதலில் போட்டுத்தான் கதகானாவில் எழுதுகிறார்கள். ஷிரிதொரி விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே அது ரொம்பப் பிரபலம். அடுத்த முறை யாராவது அவன் பெயரைச் சொல்லி அவுட் என்று கத்தும்போது, அவனை 'ன்ஜமெனா' என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்தவர் 'ந'வில் தொடங்க வேண்டும். விளையாட்டு தொடரும்.

அன்புடன்.